இரண்டு வெலிங்டன்கள்

வட்டாரப் படிவத்தில்
ஊர்ப்பெயரின் முதல் எழுத்தைத் தட்டினால்
விரிந்த பட்டியலில்
ஒரே ஒரு வெலிங்டன்தான் இருந்தது.
தொட்டுவிட்டேன்.
குன்னூருக்கு அடுத்த ஸ்டேஷனில் இருக்கும்
எங்கள் பொறியாளர் கிளை
பதினோரு உறுப்பினரோடும் ஒரு புரொஜெக்டரோடும்
நியூசிலாந்துக்குக் குடிபோனது.

முதலில் வந்தது பார்சல்.
நிலநடுக்கப் பயிலரங்குக்கான பேனர்,
இருபதடி,
நாற்பது பேருக்குக் கழுத்துப்பட்டை.
சுங்கவரி ஆயிரத்து நானூறு
நான்தான் கட்டினேன்.
பேனரைச் சுருட்டி
ஜீப்பின் பின்னால் போட்டார் ஹாலன்.
எதற்காவது ஆகும் என்றார்.

பிறகு அழைப்புகள்.
'காலை பத்து மணி, தவறாமல் வருக.'
எங்களுக்கு அது ராத்திரி இரண்டரை.
குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு
போய் உட்கார்ந்தேன்.
திரை முழுக்கக் கட்டம் கட்டமாக மனிதர்கள்:
சுவாவில் ஜன்னல் நிறைய வெயில்,
ஒசாகாவில் ஒருவர் அப்போதுதான் பல் துலக்கியிருந்தார்,
டாக்காக்காரர் என்னைப் போலவே
கொட்டாவியைக் கோப்பையால் மறைத்தார்.
எல்லோருக்கும் தோதான நேரம் என்று ஒன்று
இந்த வட்டாரத்தில் கிடையாது.
இந்த மாதம் யாருடைய தூக்கம் என்று கேட்பதுதான்
நிர்வாகம்.

மாணவர் கிளைகளுக்கு இவ்வளவு,
தீவுகளுக்கு இவ்வளவு,
பேச்சாளரின் விமானச் செலவில் பாதி.
போன வருடக் கணக்கில்
'வர்க்கி, மூன்று கிலோ' என்ற வரிக்கு
விளக்கம் கேட்டார் தணிக்கையாளர்.
அது அளவைக் கருவி இல்லை,
டீயில் நனைத்தால் கரைந்துவிடும் என்று
பதில் எழுதினேன்.
அங்கீகரித்தார்கள்.

நவம்பர்.
மூன்று நாள் விடாத மழை.
பர்லியாறுக்கு மேலே மலை
ரோட்டில் இறங்கி உட்கார்ந்துகொண்டது.
தண்டவாளம்
ஸ்லீப்பர் கட்டைகளோடு அந்தரத்தில் தொங்கியது.

அன்றைக்குத்தான் ஆண்டுக் கூட்டம்.
விதிப்படி ஏழு பேர் வேண்டும்.
ஆறு பேர் நனைந்து வந்திருந்தோம்.
ஏழாவது, ஜெரால்டின்,
மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வந்தவள்,
சரிவுக்கு அந்தப் பக்கம் நின்றாள்.
போனில் கத்தினாள்:
'வந்ததாக எழுதுங்கள்!
நடுவில் இருநூறு மீட்டர் மண்தான்.
ஆனால் யாரையும் கீழே விடாதீர்கள்,
மேலே ஒரு விரிசல்,
என் கை போகிறது உள்ளே.'

கூட்டத்தை அங்கேயே நிறுத்தினோம்.
ஹாலன் ஜீப்பை எடுத்து
மேல் சாலை வழியாக விரிசலுக்குப் போனார்.
தண்ணீர் உள்ளே இறங்காமல் மூட
தார்ப்பாய் இல்லை.
பேனர் இருந்தது.
விரித்து, ஓரத்தில் கல் வைத்தோம்.
'அதிர்வைத் தாங்கும் நகரம்' என்ற ஆங்கில எழுத்து
வானத்தைப் பார்த்துப் படுத்து
ராத்திரி முழுக்க மழையை வடித்தது.

குறிப்பேட்டில் எழுதினேன்:
'ஏழாவது உறுப்பினர்
சரிவின் மறுபக்கத்தில் கலந்துகொண்டார்.'
இது செல்லுமா என்று
வட்டார அலுவலகம் கேட்டது.
அந்த வெலிங்டனிலிருந்து
மேரே என்கிற பெண் மட்டும்
வேறு கேள்வி கேட்டாள்:
என்ன மண்? எவ்வளவு மழை?
மேலே யாருடைய வடிகால்?

சிவப்பு மண், அடியில் களி.
மழை, மானி நிரம்பி வழிந்ததால் தெரியவில்லை.
மேலே ஒரு ரிசார்ட்,
வடிகாலை அடைத்துச் சறுக்குமரம் கட்டியிருக்கிறது.

எங்கள் வீடுகளும்
சரிவைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கின்றன என்று எழுதி
படங்கள் அனுப்பினாள்:
மலையின் விலாவில் துளையிட்டுக் குழாய் செருகி
உள்ளே தேங்கிய நீரைச் சொட்டவிடும் முறை.
ஜெரால்டின் அதை நம் மண்ணுக்கு
மாற்றி வரைந்துகொண்டிருக்கிறாள்.

நேற்று ஒரு மடல்.
'பதிவில் பிழை கண்டறியப்பட்டது.
உங்களை உரிய நாட்டுடன் இணைக்க
இந்தப் பெட்டியைத் தொடவும்.'

தொடவேண்டும்தான்.
சந்தா, வாக்குரிமை, வர்க்கி,
எல்லாம் அதில்தான் நேராகும்.

குழாய்க்குக் குழாய் எத்தனை மீட்டர் என்று
இன்று இரண்டரைக்குச் சொல்கிறேன் என்றிருக்கிறாள் மேரே.
அலாரம் வைத்தாயிற்று.
வெளியே மறுபடி தூறுகிறது.